முகாம்ல பொறந்த அக்காவுக்கு பாஸ்போர்ட், எனக்கு குடியுரிமை: காசு வாங்காத வக்கீல் நம்ம மாவட்டத்துல உண்டா?

கோழிவிளை_மக:

எல்லாருக்கும் வணக்கம். வேற யார்ட்ட கேக்கண்ணு தெரியாமதான் இங்க எழுதுதேன், தப்பா நினைக்காதீங்க. நாங்க களியக்காவிளை பக்கம் இலங்கை அகதி முகாம்ல இருக்கோம். அம்மாவும் அப்பாவும் 1985ல வவுனியாவுல இருந்து மன்னார் வந்து அங்க இருந்து படகு ஏறி வந்தவங்க, மொதல்ல மண்டபம் முகாம், அக்கா அங்கதான் 1986 நவம்பர்ல பொறந்தா, அதுக்குப் பொறவு இங்க மாத்திவிட்டாங்க, நான் 1992ல குழித்துறைல பொறந்தேன். ரெண்டு பேரும் இலங்கைய கண்ணால கூட பாத்ததில்ல.

அக்காவ தக்கலை பக்கம் ஊர்க்காரருக்கே கட்டிக் குடுத்துருக்கு, அத்தான் கத்தார்ல வேலை, இப்ப கம்பெனில ஃபேமிலி விசா குடுக்காங்களாம், அக்காவையும் பிள்ளையையும் கூட்டிட்டு போலாம்ணு ஆசையா இருக்காரு. அக்கா பாஸ்போர்ட்டுக்கு போட்டா, வெரிஃபிகேஷன்ல "இலங்கை அகதி"ண்ணு எழுதி அதோட நின்னு போச்சு. எனக்கு பி.காம் முடிஞ்சு பத்து வருஷத்துக்கு மேல ஆகுது, டிஎன்பிஎஸ்சி குரூப் 4 கூட எழுத முடியாது, ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு எழுதிட்டு இருக்கேன்.

இப்ப பிரச்சினை என்னண்ணா, பஜார்ல ஒரு ஏஜென்ட் ரெண்டு பேருக்கும் சேத்து குடியுரிமை எடுத்துத் தாறேன், 60 ஆயிரம் ஆகும், அட்வான்ஸ் 20 ஆயிரம் வையுங்கண்ணு சொல்லுதாரு. அம்மா கழுத்துல கிடக்குற ரெண்டு பவுன் சங்கிலிய அடகு வைக்கண்ணு நிக்கா. எனக்கு மனசு ஒப்பல. கவர்மென்ட்ல இலவச வக்கீல் உண்டுண்ணு கேள்விப்பட்டேன், அது எங்கள மாதிரி ஆளுங்களுக்கும் கிடைக்குமா, இல்ல இந்தியக்காரங்களுக்கு மட்டுமா? எங்க போய் கேக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

இன்னொண்ணு, அப்பாவோட அப்பா மலைநாட்டுல தேயிலைத் தோட்டத்துல இருந்தவரு, 77 கலவரத்துல வவுனியாவுக்கு வந்தாங்களாம். தாத்தா பேர்ல ஏதோ பழைய பாஸ்போர்ட் மாதிரி ஒரு புக்கு தகரப் பெட்டில கிடக்கு. அது எதுக்காவது உதவுமாண்ணும் தெரியல.

தக்கலை_ரப்பர்:

தங்கச்சி, 2024ல சிஏஏ, அதான் குடியுரிமைத் திருத்தச் சட்டம், அதுக்கு ரூல்ஸ் வந்துட்டுல்லா, ஆன்லைன்லயே போடலாமே, ஏஜென்ட் எதுக்கு? டிவில பாத்தேன்.

குழித்துறை_வக்கீல்:

மேல உள்ள நண்பர் நல்ல மனசுலதான் சொல்லுதாரு, ஆனா அது இவங்களுக்கு பொருந்தாது. சிஏஏ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூணு நாட்டுல இருந்து 2014 டிசம்பர் 31க்குள்ள வந்தவங்களுக்குத்தான், இலங்கை அந்த லிஸ்ட்லயே இல்ல. அதுல விண்ணப்பிச்சு நாள வீணாக்காதீங்கம்மா.

நான் குழித்துறை கோர்ட்ல பிராக்டிஸ் பண்ணுதேன், இலவச சட்ட உதவி பேனல்லயும் இருக்கேன். மொதல்ல அந்த ஏஜென்ட்டுக்கு ஒத்த ரூபா குடுக்காதீங்க. குடியுரிமைய எடுத்துத் தாறதுக்கு எந்த ஏஜென்ட்டுக்கும் அதிகாரம் கிடையாது. இப்படி காசு வாங்கிட்டு உள்ளூர் அட்ரஸ்ல வோட்டர் ஐடி போட்டு, அத வச்சு பாஸ்போர்ட் எடுத்துக் குடுத்து, ஏர்போர்ட்ல பிடிபட்டு பொய்த் தகவல் குடுத்ததுக்கு கேஸ் ஆகி நிக்கிற பிள்ளைங்கள நான் பாத்துருக்கேன், அதுக்குப் பொறவு நியாயமா கிடைக்க வேண்டியதும் கிடைக்காம போயிரும். கையில ஆதார் இருக்கே அது போதாதாண்ணும் பலர் கேப்பாங்க, ஆதார் இங்க குடியிருக்கீங்கங்கதுக்கு அடையாளம்தான், குடியுரிமைக்கு சான்று இல்ல.

உங்க அக்கா விஷயத்துக்கு வாறேன். அக்கா குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே வேண்டாம். அவங்க பொறந்த அண்ணைக்கே இந்தியக் குடிமகள். 1955 குடியுரிமைச் சட்டம் 3வது பிரிவுல, 1950 ஜனவரி 26க்குப் பொறவு 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்தியாவுல பொறந்தவங்க, அம்மா அப்பா எந்த நாட்டுக்காரங்களா இருந்தாலும் பிறப்பால குடிமக்கள்ணு இருக்கு. இதே மாதிரி மண்டபத்துல 1986ல பொறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாம்ல இருந்த ஒரு பொண்ணு மதுரை ஹைகோர்ட் கிளைல ரிட் (அரசுக்கு உத்தரவு போடச் சொல்லி ஹைகோர்ட்ல போடுற மனு) போட்டு, 2022 ஆகஸ்ட் 12ல நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அவங்களுக்கு பாஸ்போர்ட் குடுக்கச் சொல்லி தீர்ப்பு குடுத்தாரு. அந்தப் பொண்ணு 2024 ஏப்ரல் 19 எலெக்ஷன்ல வோட்டே போட்டாச்சு. பாஸ்போர்ட் குடுக்க மாட்டோம்ங்கத காரணத்தோட எழுத்துல கேட்டு வாங்கச் சொல்லுங்க, அந்த பேப்பர்தான் ரிட்டுக்கு அடித்தளம். அக்கா பேர்ல இது சரியாயிட்டா பிள்ளைக்கும் அப்பா அம்மா ரெண்டு பக்கமும் கேள்வி வராது.

நீங்க 1992, அதனால கணக்கு வேற. 1987 ஜூலை 1ல இருந்து 2004 டிசம்பர் 2 வரை பொறந்தவங்களுக்கு அப்பா அம்மால ஒருத்தராவது அந்த நேரத்துல இந்தியக் குடிமக்களா இருந்திருக்கணும். ரெண்டு பேரும் அகதின்னா பிறப்பு வழி அடைபட்டுரும். பதிவு மூலமா, இயல்புரிமை (ரொம்ப வருஷம் இங்க குடியிருந்ததுக்காக விண்ணப்பிச்சு வாங்குறது) மூலமாண்ணு வேற வழி ரெண்டு இருக்கு, ஆனா பாஸ்போர்ட் இல்லாம படகுல வந்தவங்கள சட்டம் சட்டவிரோதக் குடியேறிண்ணு சொல்லுது, அவங்களுக்கு அந்த ரெண்டு வழியும் மூடிதான் கிடக்கு. 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிஞ்ச இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட் விசா இல்லாததுக்கு தண்டனை இல்லண்ணு 2025 செப்டம்பர்ல ஒரு உத்தரவு போட்டாங்க, நல்ல விஷயம்தான், ஆனா அது ஜெயில் பயத்தத்தான் போக்கும், குடியுரிமை தராது.

ஆனா அம்மா, நீங்க கடைசில போறபோக்குல ஒரு வரி எழுதிருக்கீங்க பாத்தீங்களா, தாத்தா பேர்ல ஒரு புக்கு. எனக்கு அந்த வரிய படிச்சதுல இருந்து வேற ஒண்ணும் ஓடல. அது என்ன புக்கு, எந்த வருஷம், யார் குடுத்தது, உள்ள யாரு யாரு பேரு இருக்கு, அத மட்டும் பாத்து சொல்லுங்க. அப்பா பேரு அதுல இருந்தா உங்க கதையே மாறும்.

இலவச உதவி பத்தி கேட்டீங்க. உண்டு, உங்களுக்கும் உண்டு. 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டம் 12வது பிரிவுல குடிமகன்ணு எழுதல, "ஒவ்வொரு நபரும்"ண்ணுதான் இருக்கு. அதுலயும் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. நாகர்கோவில் மாவட்ட கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, உங்களுக்கு பக்கம்ணா குழித்துறை கோர்ட்ல வட்டக் குழு. வெள்ளைத்தாள்ல ஒரு மனு எழுதிக் குடுத்தா போதும். வக்கீல் ஃபீஸ், கோர்ட் ஃபீஸ், டைப்பிங் எல்லாம் அவங்க பாத்துப்பாங்க. ரிட் மதுரைல போடணும், அதுக்கு அங்கயே ஹைகோர்ட் சட்டப் பணிகள் குழு இருக்கு, இங்க இருந்தே எழுதி அனுப்புவாங்க. 15100ண்ணு ஃப்ரீ நம்பர் இருக்கு, வழி தெரியலண்ணா அதுல கேட்டாலும் சொல்லுவாங்க.

கீரிப்பாறை_பேரன்:

வக்கீல் சார் சொன்ன அந்த புக்கு விஷயத்துக்கு நான் எழுதணும், எனக்கு இது எங்க வீட்டு கதை.

எங்க தாத்தா பாட்டியும் கண்டிப் பக்கம் தோட்டத்துலதான் கொழுந்து பறிச்சாங்க. 1964ல இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டாங்கல்லா, அங்க இருந்த இந்திய வம்சாவளி ஆளுங்கள்ல ஐஞ்சே கால் லட்சம் பேர இந்தியா எடுத்துக்கணும் மூணு லட்சம் பேர இலங்கை வச்சுக்கணும்ணு, மிச்சம் நின்ன ஒண்ணரை லட்சத்த 1974ல ஆளுக்குப் பாதியா பிரிச்சாங்க, தோட்டத்துல வேலை செஞ்சவங்கள யாரும் ஒரு வார்த்தை கேக்கல. எங்க தாத்தாவுக்கு கண்டில இருந்த இந்திய துணைத் தூதரகத்துல இருந்து பாஸ்போர்ட் வந்துச்சு, தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கினாங்க, தாயகம் திரும்பியோர்ணு பேரு போட்டு இங்க அரசு ரப்பர் தோட்டத்துல வேலை குடுத்தாங்க. அதனால எங்க அப்பாவும் இந்தியன், நானும் இந்தியன். காலைல நாலரைக்கு தலைல விளக்கு கட்டிட்டு பால் வெட்டப் போன கஷ்டம் எல்லாம் உண்டு, ஆனா நீ யாருண்ணு ஒருத்தரும் கேட்டதில்ல.

அங்க தாத்தா இருந்த அதே லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) பக்கத்து வீட்டுல இருந்தவங்க பாஸ்போர்ட் கையில வாங்கியும் கிளம்பாம நிண்ணாங்க, கைக்காசு வரட்டும்ணு, மக பிரசவம் முடியட்டும்ணு. 1984ல கப்பல் நிண்ணு போச்சு. பொறவு அவங்க உயிருக்கு பயந்து படகுல வந்தாங்க, படகுல வந்ததால அகதி. ஒரே லயம், ஒரே பாஸ்போர்ட், கப்பல்ல வந்தவன் குடிமகன் படகுல வந்தவன் அகதி. இத நினைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு அடைக்கும். அதான் தங்கச்சி, அந்த புக்க உடனே எடுத்துப் பாரு. பாஸ்போர்ட் இல்லண்ணாலும் ஒப்பந்தத்துல விண்ணப்பிச்ச ஏதாவது துண்டுச் சீட்டு, தோட்டத்துல குடுத்த பேப்பர், தாத்தாவோட இந்திய ஊர் பேரு எழுதுனது எதுவானாலும் எடுத்து வை.

குழித்துறை_வக்கீல்:

கீரிப்பாறை தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. ஒப்பந்தத்துல வந்த பேப்பர் முழுசா இல்லாத மலையக வம்சாவளி ஆளுங்களுக்கும் ஒரு தீர்ப்பு உண்டு, 2019 ஜூன் 17, அதுவும் மதுரை கிளைதான், 65 பேர் போட்ட வழக்கு. அவங்க கலெக்டர்ட்ட விண்ணப்பம் குடுக்கலாம், கலெக்டர் மேல அனுப்பணும், மத்திய அரசு 16 வாரத்துல முடிவெடுக்கணும்ணு சொன்னாரு நீதிபதி. குடியுரிமை குடுன்னு கோர்ட் உத்தரவு போடல, பரிசீலிக்கத்தான் சொல்லிச்சு, அந்த வித்தியாசத்த தெரிஞ்சுக்கோங்க. அது ரெண்டாவது வழியா இருக்கட்டும்.

பழவிளை_அக்கா:

பிள்ளே, நானும் முகாம்காரிதான், 1985ல பொறந்தவ. இலவச வக்கீல்ணா ஏனோதானோண்ணு பாப்பாங்கண்ணு எல்லாரும் என்ன பயமுறுத்தினாங்க. நாகர்கோவில்ல எனக்கு கிடைச்ச மேடம் சின்ன பிள்ளைதான், ஆனா நான் கொண்டு போன ஒவ்வொரு பேப்பரையும் எடுத்து தேதி வாரியா அடுக்கி, பேரு எங்க எங்க எழுத்து மாறிருக்குண்ணு பென்சில்ல வட்டம் போட்டு காட்டினா. எங்க அப்பா பேரு முகாம் கார்டுல ஒரு மாதிரி, ஸ்கூல் டிசில ஒரு மாதிரி, இனிஷியல் வேற மாறிக் கிடந்துச்சு. மொதல்ல அதத்தான் சரி பண்ணினோம்.

எனக்கு பர்த் சர்டிஃபிகேட்டே இல்லாம இருந்துச்சு. பொறந்த ஊர்ல பதிவு இல்லண்ணு ஒரு சான்று வாங்கி, அத வச்சு ஆர்டிஓட்ட மனு போட்டு, ஸ்கூல் ரெக்கார்டு, முகாம் பதிவேட்டு நகல், ஞானஸ்நான சர்டிஃபிகேட் எல்லாம் சேத்து குடுத்து உத்தரவு வாங்கி, பொறவுதான் பதிஞ்சாங்க. அலைச்சல் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். செக்கிங் நாள்ல முகாம்ல இல்லாம போனா பேரு வெட்டிருவாங்கண்ணு பயம், அதனால வெளியூர் போகணும்ணா மொதல்லயே முகாம் ஆர்ஐட்ட (வருவாய் ஆய்வாளர்) எழுதிக் குடுத்துட்டு போ. உன் அக்காவுக்கு மண்டபம்ணா பர்த் சர்டிஃபிகேட் அந்த ஊர்ல இருந்துதான் வரணும், இங்க கேட்டு பிரயோஜனம் இல்ல. பழைய பேப்பர் தேட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்து ஆளுங்ககிட்டயும் கேளு, 1984ல இருந்து முகாம்கள்ல வேலை செய்யுதாங்க, பிறப்புப் பதிவு விஷயத்துல அவங்களுக்கு நல்ல பழக்கம்.

அம்மா சங்கிலிய அடகு வைக்க விடாத.

கோழிவிளை_மக:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி அப்பாவும் நானும் தகரப் பெட்டிய திறந்தோம். அப்பா அத தொடவே விடமாட்டாரு, நேத்து அவரே எடுத்துக் குடுத்தாரு. புக்கு நீலக் கலர் அட்டை, மேல சிங்கத் தலை முத்திரை, ஓரத்த கரையான் அரிச்சிருக்கு. உள்ள கண்டி துணைத் தூதரகத்து சீல், 1978. தாத்தா பாட்டி போட்டோ ரெண்டும் ஒரே பக்கத்துல ஒட்டிருக்கு. அடுத்த பக்கத்துல பிள்ளைங்க பேரு மையில எழுதிருக்கு, மூணாவது பேரு எங்க அப்பா, வயசு 16. அப்பா அந்தப் பக்கத்த கைல வச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. "நான் இந்த நாட்டுக்காரன்ணு அப்பவே எழுதித் தந்துட்டாங்களே"ண்ணு மட்டும் சொன்னாரு. இத்தனை வருஷம் இது தாத்தாவோட ஞாபகப் பொருள்ணுதான் எல்லாரும் நினைச்சோம்.

அண்ணா, இத வச்சு எனக்கு வழி உண்டா? கரையான் இன்னும் அரிக்காம இருக்க நாளைக்கே லேமினேட் பண்ணிரவா?

குழித்துறை_வக்கீல்:

லேமினேட் பண்ணவே பண்ணாதீங்க! ஒட்டிட்டா சீலும் மையும் ஒரிஜினல்தானாண்ணு சோதிக்க முடியாது, சந்தேகம் வந்துரும். ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு, நடுவுல வெள்ளைத்தாள் வச்சு எடுத்து வையுங்க. எல்லா பக்கத்தையும், வெத்துப் பக்கம் உள்பட, கலர் ஸ்கேன் எடுத்து உங்க மெயிலுக்கே அனுப்பி வையுங்க. ஒரிஜினல யார் கேட்டாலும் குடுக்காதீங்க, நான் கேட்டாலும்.

வழி உண்டா இல்லையாங்கது அந்த பேப்பர அரசு ஏத்துக்கிறதப் பொறுத்து இருக்கு, கோர்ட் வரைக்கும் போக வேண்டி வரலாம், சுலபம்ணு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பதிவால அப்பா இந்தியக் குடிமகன்ணு நிரூபணம் ஆச்சுண்ணா, 1992ல நீங்க பொறந்தப்ப பெத்தவங்கள்ல ஒருத்தர் குடிமகன். அப்ப நீங்களும் அக்கா மாதிரி பிறப்பாலேயே குடிமகள், யாருட்டயும் குடியுரிமை கேட்டு நிக்க வேண்டாம். மொதல் வழக்கு அப்பா பேர்லதான் வரணும், அதனால அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. புதன்கிழமை காலைல பத்தரைக்கு குழித்துறை வட்டக் குழு ஆபீசுக்கு வந்துருங்க, முகாம் கார்டு, உங்க பர்த் சர்டிஃபிகேட், அம்மா அப்பா கல்யாணத்துக்கு ஏதாவது பேப்பர் இருந்தா அதுவும். கல்யாணப் பேப்பர் இல்லண்ணாலும் வாங்க.

கோழிவிளை_மக:

வாறோம் அண்ணா. அப்பா இப்பவே சட்டைய துவைச்சு காயப் போட்டாச்சு.

பழவிளை_அக்கா:

பிள்ளே, மனுவுல பேரு எழுதும்போது பர்த் சர்டிஃபிகேட்ல எப்படி இருக்கோ அப்படியே எழுது, இனிஷியலும் சேத்துதான். அப்பா பேருக்கு அந்த புக்குல எப்படி எழுதிருக்காங்கண்ணு ஒரு தாள்ல தனியா குறிச்சு எடுத்துட்டு போ.

கோழிவிளை_மக:

குறிச்சாச்சு அக்கா. புக்குல ஒரு "ம்" கூடுதலா இருக்கு.

குழித்துறை_வக்கீல்:

அதுக்கு ஒரு அஃபிடவிட் போட்டுக்கலாம். புதன்கிழமை பாப்போம்.