யாளி படம் வரைஞ்ச பொண்ணுகிட்ட என்னன்னு சொல்றது?

பட்டர்வொர்த்_பையன்:
வணக்கம் மக்களே. போன ஞாயித்துக்கிழமை பினாங்கு ஜார்ஜ்டவுன்ல ஹின் பஸ் டிப்போ சந்தைக்கு சும்மா சுத்தப் போனேன். ஒரு மூலையில நம்ம தமிழ்ப் பொண்ணு ஒண்ணு சின்ன மேசை போட்டு அவங்களே வரைஞ்ச படத்தை பிரிண்ட் எடுத்து வித்துக்கிட்டு இருந்தாங்க. எல்லாம் ஃபேன்டசி. டிராகன், கோட்டைன்னு இருக்கும்னு நெனச்சித்தான் கிட்ட போனேன், பாத்தா கித்தா தோட்டம், அதான் ரப்பர் தோட்டம்! இன்னும் விடியல, நிரை நிரையா மரம், நடுவுல நம்ம கோயில் தூண்ல நிக்குமே யாளி, அது ஒரு மரத்தைச் சுத்திப் படுத்துக் கெடக்கு. அதோட பிடரி மயிரு மரத்துல வெட்டுன கோடு மாதிரியே சாய்வா சாய்வா இறங்குது, எங்க மரம் முடியுது எங்க யாளி ஆரம்பிக்குதுன்னே தெரியல. மரத்துல பால் புடிக்கிற மங்கு. தூரத்துல ஒரு அம்மா தலையில லாம்பு கட்டிக்கிட்டு வர்றாங்க, அந்த வெளிச்சம் யாளி கண்ணுல மட்டும் ஒரு புள்ளியா தெரியுது.

இவ்வளவையும் பாத்துட்டு நான் வாயத் தொறந்து சொன்னது "சூப்பரா இருக்கு". அதுக்கடுத்து "கொறச்சிக்க முடியுமா?" ஏ3 சைஸ் 80 வெள்ளி (ரிங்கிட்), சிரிச்சிக்கிட்டே 70க்கு குடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்ததுல இருந்து உறுத்துது லா.

இன்னொண்ணு, எங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடியும் அப்புறமும் பால் மரம் வெட்டுனவங்க. கண்ணாடியப் போட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு "வெட்டு சரியா போட்டிருக்கு, இடது பக்கம் மேல வலது பக்கம் கீழ, இந்தப் புள்ள யாருகிட்டயோ கேட்டுத்தான் வரைஞ்சிருக்கு"ன்னாங்க. நான் அதக் கவனிக்கவே இல்ல.

அவங்க இன்ஸ்டா கார்டு கையில இருக்கு. என்ன எழுதுறது? படத்தப் பத்தி ஒண்ணும் தெரியாத ஆளு பாராட்டுனா அவங்களுக்கு என்ன பிரயோஜனம்? அக்கா கல்யாண நாளுக்கு ஒரு படம் வரையச் சொல்லலாம்னும் யோசனை.

கோடு_போடுறவன்:
தம்பி, நானும் இதே படம் வரையிற பொழப்புதான், கோலாலம்பூர்ல. உங்க அம்மா சொன்னத அப்படியே எழுதி அனுப்புங்க, ஒரு எழுத்து மாத்தாதீங்க. "சூப்பர்", நெருப்பு எமோஜி எல்லாம் தெனமும் வரும், சந்தோஷம்தான், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் பாக்கப் போறதில்லன்னு தெரிஞ்சே போட்ட ஒரு கோட்ட ஒரு ஆளு பாத்துட்டாருன்னா அத வச்சே ஒரு மாசம் ஓட்டுவோம். நீங்க ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றீங்க, ஆனா கண்ணுல இருக்குற வெளிச்சப் புள்ளியப் பாத்திருக்கீங்களே. விடியாத நேரம்னா படம் முழுக்க நீலமும் சாம்பலுமாத்தான் இருக்கும், அதுல லாம்புலயும் கண்ணுலயும் மட்டும் மஞ்சள் வச்சா பாக்குறவன் பார்வை அந்த ரெண்டுக்கும் நடுவுல போய்ப் போய் வரும். அந்த அம்மாவுக்கு யாளி தெரியுதா இல்லையான்னு உங்களுக்கு ஒரு திக்குனு இருக்கும்ல, அதுக்காகத்தான் அந்தப் புள்ளி.

டிசம்பர்ல காமிக் ஃபியஸ்டா கண்காட்சியில மேசை போட்டா நாள் முழுக்க "இது ஏஐ-யா?"ன்னு கேப்பாங்க, போன்ல படம் புடிச்சிட்டு போய்டுவாங்க. அதனால 10 வெள்ளி கொறச்சதுக்கு ரொம்ப வருத்தப்படாதீங்க, நீங்க வாங்குனீங்க. அடுத்த தடவ கேக்காதீங்க, அவ்வளவுதான்.

தாமான்_அக்கா:
உங்கம்மாவுக்கு ஒரு கும்பிடு. அந்தச் சாய்வுக்கு காரணம் இருக்கு, பட்டைக்குள்ள பால் குழாய் நேரா ஏறாது, கொஞ்சம் சாஞ்சி ஏறும், இடது மேல வலது கீழன்னு வெட்டுனாத்தான் நெறைய குழாய் அறுபடும், திருப்பி வெட்டுனா பால் கொறையும். எங்க பாட்டிக்கு இந்தக் காரணமெல்லாம் தெரியாது, தப்பா வெட்டுனா வேலை மேய்க்கிற தண்டல் கத்துவாருன்னு மட்டும் தெரியும்.

படம் போடுறவங்கள நாம சின்னதா நெனச்சிடுறோம். 1950ல கல்கி பத்திரிகையில பொன்னியின் செல்வன் தொடரா வந்தப்ப மணியம்தான் படம், எங்கப்பாவுக்கு கதை பாதி மறந்துபோச்சி, ஆனா வந்தியத்தேவன் மூஞ்சின்னா மணியம் போட்ட மூஞ்சிதான்.

சட்டம்_முகுந்தான்:
கல்யாண நாள் படத்துக்கு ஒரு விஷயம். நம்ம மலேசியாவோட 1987 காப்பிரைட் சட்டத்துல, வேற பேச்சு எதுவும் இல்லன்னா, காசு குடுத்து வரையச் சொன்ன ஆளுக்கே காப்பிரைட் போய்டும், வரைஞ்சவங்களுக்கு இல்ல. நெறைய ஆர்ட்டிஸ்டுக்கே இது தெரியாது. அதனால நீங்களே மொதல்ல "காப்பிரைட் உங்ககிட்டயே இருக்கட்டும், நாங்க வீட்டுல மாட்டிக்கிறோம்"னு வாட்சப்புல எழுதிடுங்க, அவங்களும் சரின்னு எழுதட்டும். பாராட்டுன்னா இதுவும்தான். என் தங்கச்சி ஒரு வியாபாரிக்கு தீபாவளி டப்பாவுக்குன்னு ஒரு மயில் வரைஞ்சி குடுத்துட்டு, அடுத்த வருஷம் அதே மயில் பையில, காலண்டர்ல எல்லாம் வந்து நின்னப்ப ஒண்ணும் பேச முடியல.

ஃபிரேம்_மாமா:
படத்த மாட்டுறதுக்கு முன்னாடி படிங்க. பினாங்கு ஈரக் காத்துல கண்ணாடி நேரா பேப்பர்ல ஒட்டுச்சின்னா அப்படியே புடிச்சிக்கும், பூஞ்சை பூக்கும். நடுவுல ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டு, அதான் இடைவெளி விடுற அட்டை, வைக்கச் சொல்லுங்க. வெயில் விழுற செவுரு வேணாம், சாமி மேடை பக்கமும் வேணாம், சாம்பிராணிப் புகை. பிரிண்ட் எடுத்தது பிக்மென்ட் இங்க்கா டை இங்க்கான்னு வரைஞ்சவங்ககிட்டயே கேளுங்க, டைன்னா சீக்கிரம் வெளுக்கும்.

பட்டர்வொர்த்_பையன்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி அம்மா சொன்னத அப்படியே அனுப்பிட்டேன். அஞ்சு நிமிஷத்துல பெரிய வாய்ஸ் நோட். அவங்க பாட்டி கெடா பக்கம் தோட்டத்துல இருந்தவங்களாம், மொதல்ல இவங்க வெட்டத் திருப்பி வரைஞ்சிட்டாங்களாம், பாட்டி பாத்துட்டு "இந்த மரத்துல பால் வராது"ன்னு சொல்ல, பிடரியோட சேத்து எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி போட்டாங்களாம். சொல்லும்போதே குரல் உடைஞ்சிருச்சி. காப்பிரைட் விஷயமும் எழுதிட்டேன், "இது யாருண்ணே உங்களுக்கு சொன்னது?"ன்னு கேட்டாங்க. அக்கா படத்துக்கு ஒத்துக்கிட்டாங்க, வெல பேசல, சொன்னத அப்படியே குடுத்துட்டேன்.

ஆனா ஒரு சிக்கல். அம்மா இன்னைக்கு காலையில மறுபடி படத்துகிட்ட நின்னுட்டு "மங்கு கம்பி இல்லாம எப்படி மரத்துல நிக்குது?"ன்னு கேக்குறாங்க. இதையும் அந்தப் புள்ளகிட்ட சொல்லுன்னு நச்சரிக்கிறாங்க. இப்பதான் நல்லபடியா பேசுனோம், இத அனுப்பலாமா?

கோடு_போடுறவன்:
அனுப்புங்க லா. கம்பி எந்தப் பக்கம் கட்டணும்னும் அம்மாகிட்ட கேட்டு சேத்து அனுப்புங்க.