‘அரைவ்’ உடன் ‘டு’ ஏன் வராது? ‘ரீச்’ உடன் ஏன் எதுவுமே வராது? நிலாவெளித் தங்குமிடக் குறிப்புக்கு உதவி தேவை

கேள்வி

நிலாவெளியில் ஒரு சிறிய தங்குமிடத்துக்கு வரும் வெளிநாட்டு விருந்தினர்களுக்காக வாட்ஸ்அப் குறிப்பு ஒன்று எழுத வேண்டும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: இரவு ரயிலில் ஏறினால் விடியத் திருகோணமலைக்கு வந்து சேரலாம்; அங்கிருந்து எங்கள் வேனில் வரலாம்; வரும் நேரத்தை வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்; வந்ததும் அழைக்க வேண்டும்.

எழுதியது இது: “யூ வில் அரைவ் டு ட்ரிங்கோமலி இன் த மோர்னிங். யூ கேன் ரீச் டு அவர் ப்ளேஸ் பை அவர் வேன். டெல் அஸ் த டைம் அன்டில் ஃப்ரைடே. கோல் அஸ் வென் யூ ரீச்.”

திருத்தும் செயலி முதல் வரியில் ‘டு’வை எடுத்து ‘இன்’ போடச் சொல்கிறது. இரண்டாம் வரியில் ‘டு’வை எடுக்க மட்டும் சொல்கிறது. ஒரே கருத்துள்ள இரண்டு வினைக்கு ஏன் இரண்டு விதம்? கடைசி இரண்டு வரியும் சரிதானா?

முதல் பதில்

ஆங்கிலத்தில் உள்ள சிக்கல் குறைவு. எங்கள் ‘வந்து சேர்’ கேட்கும் ‘க்கு’ என்ற உருபுதான் உங்களை இழுக்கிறது. ‘திருகோணமலைக்கு’ என்று மனதில் ஓடியதும் கை தானாக ‘டு’ போடும். ஆகவே விதியை மனப்பாடம் செய்ய வேண்டாம், தமிழ் வினையை மாற்றி யோசியுங்கள்.

‘அரைவ்’ என்றால் வந்திறங்கு. ஸ்டேஷனில் வந்திறங்கினான், ஊரில் வந்திறங்கினான். தமிழில் ‘இல்’ வருகிறது, ஆங்கிலத்தில் ‘அட்’ அல்லது ‘இன்’ வரும்.

‘ரீச்’ என்றால் அடை. ஊரை அடைந்தான், கரையை அடைந்தான். ‘ஐ’ உருபு நேரே செயப்படுபொருளைப் பிடிப்பதால் நடுவில் எதுவும் வராது: “ரீச் ட்ரிங்கோமலி”.

‘க்கு’வை விட மனமில்லை என்றால் அதற்கென்றே ஒரு வினை இருக்கிறது: ‘கெட் டு’. “ஹவ் டு வீ கெட் டு நிலாவெளி?” என்றுதான் விருந்தினரும் உங்களிடம் கேட்பார்கள். பேச்சு நடைக் குறிப்புக்கு மூன்றிலும் இதுவே பொருத்தம் என்பது என் எண்ணம்.

இரண்டாம் பதில்

சொல்லின் பிறப்பைப் பார்த்தாலும் இது விளங்கும். ‘அரைவ்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் வேர் லத்தீனில் ‘கரை’யைக் குறிக்கும் ‘ரீபா’. கப்பலில் வந்து கரை சேர்வதுதான் அதன் முதற் பொருள். துறைமுக ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா! ‘ரீச்’ ஆங்கிலத்தின் சொந்தப் பழஞ்சொல். கையை நீட்டித் தொடுவது, எங்கள் ‘எட்டு’ மாதிரி. இலக்கை எட்டினான் என்கிறோம், இலக்குக்கு எட்டினான் என்பதில்லையே.

இனி ‘அட்’டா ‘இன்’னா என்பது. பயணத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும் இடத்துக்கு ‘அட்’: ஸ்டேஷன், பஸ் நிலையம், சீனக்குடா விமான நிலையம், கோணேசர் கோயில், தங்குமிடம், கடற்கரை. உள்ளே போய்த் தங்கி நடமாடும் பரப்புக்கு ‘இன்’: கொழும்பு, திருகோணமலை, ஸ்ரீ லங்கா.

கேட்டவர்

நிலாவெளி சின்ன ஊர். ‘அட்’ போடவா? புறாமலைக்கு?

இரண்டாம் பதில்

ஊரின் பருமன் அல்ல, அதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதே கணக்கு. புல்மோட்டைக்குப் போகும் பஸ் வழியில் நிற்கும் தரிப்பாக நினைத்தால் “அட் நிலாவெளி”. விருந்தினர் நாலு நாள் தங்க வருகிறார் என்றால் “இன் நிலாவெளி”. உங்களுக்கு ‘இன்’.

புறாமலை சிறிய தீவு. காலடி அதன் மேல் படுகிறது என்ற நினைப்பில் “அரைவ் ஒன் த ஐலண்ட்”. இலங்கையும் தீவுதானே என்று கேட்கலாம். நாட்டின் பெயராகச் சொன்னால் ‘இன்’ மட்டுமே.

முதல் பதில்

மற்ற வரிகளுக்கு வருகிறேன். “பை அவர் வேன்” பிழை. ‘பை’ வரும்போது வாகனத்தின் பெயர் தனியாக நிற்க வேண்டும்: பை பஸ், பை ட்ரெயின், பை போட். ‘அவர்’, ‘ஏ’, ‘த’ எது முன்னால் வந்தாலும் ‘பை’ போய்விடும். வேன், கார், முச்சக்கர வண்டிக்கு ‘இன்’. எழுந்து நடக்கக்கூடிய பஸ், ரயில், கப்பலுக்கு ‘ஒன்’. ஆகவே “இன் அவர் வேன்”, “ஒன் த நைட் ட்ரெயின்”.

“அன்டில் ஃப்ரைடே” என்பதுதான் உங்களுக்கு உண்மையில் நட்டம் தரக்கூடிய பிழை. அது ‘வெள்ளி வரைக்கும் சொல்லிக்கொண்டே இருங்கள்’ என்ற கருத்தைத் தரும். ‘வெள்ளிக்குள்’ என்பதற்கு “பை ஃப்ரைடே”. ஒருமுறை நடந்து முடியும் செயலுக்கு ‘பை’, தொடர்ந்து நீளும் செயலுக்கு ‘அன்டில்’.

“வென் யூ ரீச்” என்று எங்கள் பக்கத்திலும் இந்தியாவிலும் எல்லோரும் சொல்கிறோம், எங்களுக்குள் எழுதும்போது அதில் குற்றமில்லை. ஆனால் பிரித்தானியர் காதுக்கு அது பாதியில் நின்ற வாக்கியம். எதை அடைந்தான் என்று காத்திருப்பார்கள். “வென் யூ அரைவ்” அல்லது “வென் யூ ரீச் த ஸ்டேஷன்”.

மூன்றாம் பதில்

ஒரு விலக்கையும் சேர்க்கிறேன், இல்லாவிட்டால் எங்காவது கண்டுவிட்டுக் குழம்புவீர்கள். “தே அரைவ்ட் டு ஏ வோர்ம் வெல்கம்” சரியான ஆங்கிலம்தான். அங்கே ‘டு’வுக்குப் பின் வருவது இடமல்ல, வந்தபோது எதிர்கொண்ட நிலை. “அரைவ்ட் டு ஃபைண்ட் த கேட் லொக்ட்” என்பதில் அது வினையோடு சேர்ந்த ‘டு’: வந்து பார்த்தால் கேற் பூட்டியிருந்தது. இடப்பெயருக்கு முன்னால் மட்டும் ‘டு’ போடாதீர்கள்.

கேட்டவர்

திருத்தியது: “டேக் த நைட் ட்ரெயின் அண்ட் யூ வில் அரைவ் இன் ட்ரிங்கோமலி இன் த மோர்னிங். யூ கேன் கெட் டு அவர் ப்ளேஸ் இன் அவர் வேன். ப்ளீஸ் டெல் அஸ் யுவர் அரைவல் டைம் பை ஃப்ரைடே. கோல் அஸ் வென் யூ அரைவ் அட் த ஸ்டேஷன்.”

இரண்டாவது வரியை “கெட் டு ஹியர்” என்று சுருக்கலாமா?

முதல் பதில்

‘டு’ இல்லாமல் “கெட் ஹியர்”. ஹியர், தெயர், ஹோம் மூன்றும் இடத்தோடு திசையையும் தமக்குள் வைத்திருப்பவை. ‘இங்கே வா’ என்பதில் ‘க்கு’ தேவைப்படாதது போல. “அரைவ் ஹியர்”, “கெட் ஹோம்” எல்லாம் அப்படியே. மற்ற மூன்று வரியும் சரி, அனுப்பலாம்.