தொட்டித் தக்காளி: பூ நிறைய, காய் இல்லை. உங்கள் அனுபவம்?

அம்மாபேட்டை மாடி:
போன சித்திரையில் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மைக்ரோ டாம் என்கிற குட்டைத் தக்காளி விதை, ஒரே பாக்கெட், ஒரே மண்கலவை. பாதித் தொட்டிகள் மொட்டை மாடியில், மீதி கீழே தறிக்கூடத்துச் சன்னல் திண்டில். மாடிச் செடிகளில் பூவுக்குக் குறைவே இல்லை. ஆனால் காலையில் தண்ணீர் ஊற்றப் போனால், பூக்காம்பின் நடுவில் இருக்கிற முட்டி மஞ்சளாகி, விரல் பட்டதும் பூவோடு கழன்று கையில் வந்துவிடும். கீழேயோ, ஒரு சாண் உயரச் செடியில் கொத்துக்கொத்தாய்க் காய். விசைத்தறி ஓடும்போது அந்தத் திண்டு விடாமல் அதிரும், பூக்கள் லேசாக ஆடும். அந்த அதிர்வுதான் மகரந்தத்தை உதிர்த்துக் காய் பிடிக்க வைத்தது என்று உறுதியாக நம்புகிறேன். வேறு யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?

சூரமங்கலம்:
குட்டை ரகம் என்று சொல்லி ஒரு நர்சரியில் நாற்று கொடுத்தார்கள். அது பால்கனிக் கம்பியைத் தாண்டி, மேல்வீட்டுத் துணிக்கொடியைப் பிடித்துவிட்டது. நுனியில் பூங்கொத்து வந்து வளர்ச்சி நின்றால்தான் அது குட்டை. இது நிற்கவே இல்லை. விற்பவர்கள் ரகத்தின் பெயரை எழுதித் தர வேண்டும். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

நாகலூர், ஏற்காடு:
இங்கே காய் பிடிப்பதில் சிக்கல் இல்லை. பனிமூட்டம்தான் எமன். ஐப்பசியில் தொடர்ந்து வெயிலே தலைகாட்டவில்லை. ஒருநாள் காலையில் பார்த்தால், வாசலில் வெட்டவெளியில் வைத்த செடிகளின் இலைகள் வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துத் தொங்குகின்றன. இலையைத் திருப்பினால் கருகலின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைப் பூசணம். பச்சைக் காய்களில் பழுப்புத் திட்டு, தொட்டால் கெட்டியாக இருந்தது. பின்கருகல் நோய். ஓட்டுத் தாழ்வாரத்துக்குள் இருந்த செடிகளில் ஒரு இலைகூடக் கருகவில்லை. மண், உரம் எல்லாம் ஒன்றுதான், இலை நனையவில்லை, அவ்வளவுதான். அந்தக் காய்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஃபேர்லேண்ட்ஸ்:
அம்மாபேட்டை அக்கா, காரணம் தறி இல்லை, சூடு. எனக்கும் சித்திரையில் பூ கொட்டியது. பகலில் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளி மகரந்தம் கெடும். ராத்திரியும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் காய் பிடிப்பது கஷ்டம். நம் சேலத்துச் சிமென்ட் தளம் பகல் வெயிலைக் குடித்து ராத்திரி முழுக்கக் கக்கும். உங்கள் சன்னல் திண்டில் காலை வெயில் மட்டும் விழுந்திருக்கும், அதனால் தப்பித்தது. செத்த மகரந்தத்தை எவ்வளவு உலுக்கி என்ன பயன்?

அப்புறம் எல்லோருக்கும் சொல்கிறேன். புரட்டாசியில் விதையுங்கள், மார்கழி, தையில் காய் பறிக்கலாம். கறுப்புப் பையைத் தளத்தில் நேரடியாக வைக்காதீர்கள், இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கி வையுங்கள். குட்டை ரகத்தில் பக்கக் கிளையைக் கிள்ளக் கூடாது, அதில்தான் காயே வரும். தேங்காய் நார்க்கழிவை நன்றாக அலசி உப்பைப் போக்கிவிட்டுக் கலக்குங்கள். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாய் ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது, அடிப்பக்கம் கறுத்து அழுகும். மைக்ரோ டாம் 1989-இல் ஃபுளோரிடாவில் அலங்காரச் செடியாக உருவாக்கியது, ருசியை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

அம்மாபேட்டை மாடி:
தம்பி, சூடு ஒரு காரணம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நூல் வராமல் தறி நின்ற வாரத்தில் திண்டில் விரிந்த பூக்களும் கொட்டின. வெயில் அப்போதும் அதே வெயில்தான். தறி ஓடியதும் மறுபடி காய் பிடித்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்? தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன, உலுக்க ஒரு காற்றோ வண்டோ வேண்டும். சன்னலுக்குள் அது ஏது? மார்கழியில் மாடிச் செடிகளில் பாதியைத் தினமும் காலையில் விரலால் சுண்டிவிடப் போகிறேன், மீதியைத் தொடப்போவதில்லை. சூடு இல்லாதபோது என்ன ஆகிறது என்று தெரிந்துவிடும். நாகலூர்க்காரர் காற்றுப் படாத மூலையில் இதையே செய்து பார்க்க முடியுமா?

நாகலூர், ஏற்காடு:
செய்கிறேன் அக்கா. கொஞ்சம் விதை மட்டும் அனுப்புங்கள். என்னிடம் இருப்பது பிகேஎம் 1 தக்காளி ரகம், திண்ணை ஓரத்துக்கு அது பெரிசு.