பழைய கார் பாகங்கள்: பின்பக்கப் படம் கேட்டால் தெரியும் சேதி

பழைய உதிரிபாகம் வாங்கும்போது நான் விலையைப் பார்ப்பதற்கு முன், விற்பவர் எந்தப் பக்கத்தைப் படம் எடுக்கவில்லை என்றுதான் பார்ப்பேன். ஹெட்லைட் ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். கீறலே இல்லாத ஒன்று கண்ணில் பட்டது. நான்கு படங்கள், நான்கும் முன்பக்கம். பின்பக்கத்தையும் அனுப்பச் சொன்னேன். நெடுநேரம் கழித்து வந்த படத்தில், விளக்கை பாடியோடு பிடித்துவைக்கும் மேல் காது முறிந்து ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டிய பசை வழிந்து மஞ்சளாகக் காய்ந்திருந்தது. இதைச் சொல்லவே இல்லையே என்றேன். "பானெட்டை மூடிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?" என்று பதில் வந்தது. தெரியாமல் என்ன? காது போன விளக்கு மேடுபள்ளத்தில் ஆடும். எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து வரும் ஹெட்லைட் என்றால், அது சாலையின் இடப்பக்கம் செல்லும் நாட்டுக்கானதா, வலப்பக்கம் செல்லும் நாட்டுக்கானதா என்று கேளுங்கள். எதிரே வண்டி வரும்போது தாழ்த்திப் போடும் டிப் ஒளி, சாலை ஓரத்துப் பக்கமாகச் சற்று ஏறி விழும்படி செய்திருப்பார்கள். மாறிப்போனால் அந்த ஒளி எதிரே வருபவர் பக்கமாக ஏறும்.

* * *

மேலே ஹெட்லைட் கதை எழுதியவரே, விற்பவர்களையே திட்டுகிறீர்கள். நான் விற்பவன். வாங்குபவர்களிலும் பலே ஆட்கள் இருக்கிறார்கள். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் ஒன்றை, சார்ஜ் ஏறுகிறதா என்று சோதித்துத்தான் அனுப்பினேன். "வேலை செய்யவில்லை" என்று திரும்பி வந்தது. பெட்டியைத் திறந்தால் எண்ணெய்ப் பிசுக்கோடு வேறொன்று. நான் அனுப்பியதன் புல்லியில் (பெல்ட் ஓடும் சக்கரம்) ஆறு பள்ளங்கள்; இதில் ஐந்து! தன் காரில் செத்துக் கிடந்ததைக் கழற்றி எனக்கு அனுப்பிவிட்டார். முறையிட்டும் பயனில்லை, பணம் அவருக்கே போனது. இப்போதெல்லாம் எளிதில் கண்ணில் படாத இடத்தில் பெயின்ட் புள்ளி வைத்து, பார்ட் நம்பர் தெரியும்படி வீடியோ எடுத்த பிறகே பெட்டியை ஒட்டுகிறேன்.

* * *

டயர் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கச்சுவரில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. "என் டயரில் அப்படி எதுவும் இல்லை" என்று ஒருவர் சாதித்தார். பல டயர்களில் தேதி ஒரு பக்கத்தில்தான் இருக்கும். திருப்பிப் போட்டுப் பாருங்கள் என்றேன். அதன் பிறகு பேச்சே இல்லை.

* * *

எனக்கு எரிச்சலூட்டுவது ஏர்பேக் விற்பவர்கள்தாம். ஏர்பேக் தயாரித்த ஜப்பானிய நிறுவனமான தகாட்டாவின் விவகாரம் இத்தனை ஆண்டுகள் செய்திகளில் அடிபட்ட பிறகும் இது நடக்கிறது. ஏர்பேக்கை ஊதி விரிக்கும் அந்த இன்ஃப்ளேட்டர்களில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் என்ற வேதிப்பொருள், வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடந்து கெட்டுப்போகும். பிறகு ஏர்பேக் விரியும்போது உலோகக் கூடு வெடித்துச் சில்லுகள் முகத்தில் பாயும். உயிர்கள் போயின, உலகெங்கும் கோடிக்கணக்கில் திரும்பப் பெற்றார்கள், 2017இல் நிறுவனமே திவாலானது. ஆனால், திரும்பப் பெறும் அழைப்பு தன் காருக்கு உண்டா என்பதை உரிமையாளர் 17 எழுத்து வாகன அடையாள எண்ணை வைத்துத்தான் பார்க்கிறார். காரைப் பிரித்து விற்றுவிட்டால் ஏர்பேக் மட்டும் அந்த எண் இல்லாமல் ஊர் சுற்றும்.

"பிரித்தெடுத்தது, புதிது மாதிரி" என்று ஒருவர் ஸ்டீயரிங் ஏர்பேக் விளம்பரம் போட்டிருந்தார். எந்தக் காரிலிருந்து எடுத்தது, அதன் அடையாள எண் என்ன என்று கேட்டேன். "வேண்டுமென்றால் வாங்குங்கள், விசாரணை வேண்டாம்" என்றார். விளம்பரம் காணாமல் போனது. சில நாளில் அதே படம், வேறு பெயரில். புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் நீக்கவில்லை.