புதுப்பிப்பு: தலைக்காயத்துக்குப் பின் பேச்சு வராத கணவர், 6 மாதம் கழித்து

பைக் விபத்தில் இடப்பக்க மூளையில் அடிபட்ட என் கணவருக்கு நாம் பேசுவது புரிகிறது, பேச்சுதான் வரவில்லை (ப்ரோக்கா அஃபேசியா), பார்க்க வரும் நண்பர்களை எப்படிச் சமாளிப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, முறை போட்டு ஒவ்வொருவராக வரச் சொல்லும் யோசனைதான். வாட்ஸ்அப்பில் நாள் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர், அரை மணி நேரம், டிவி கிடையாது. முன்பெல்லாம் நாலு பேர் சேர்ந்து பேசினால் மறுநாள் முழுக்கப் படுத்துவிடுவார், அது நின்றது. கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணச் சொன்னதும் உதவியது. அதில் தவித்தது நான்தான், என் வாய் சும்மா இருக்காதே!

வேண்டியதைத் தொட்டுக் காட்டும் பட அட்டைகள் சரிப்படவில்லை. இரண்டே நாளில் தூக்கி எறிந்தார்.

எதிர்பாராதது: "தண்ணி" என்று கேட்க வராதவர், கல்லூரி நண்பர் தாளம் போட, பழைய பாட்டின் பல்லவியை வார்த்தை பிசகாமல் பாடிவிட்டார். பேச்சுப் பயிற்சியாளர் அசரவில்லை. பாட்டுக்கு மூளையின் வலப்பக்கமும் கைகொடுக்கும் என்றார். இப்போது இடது கையால் மேசையில் தட்டி, ராகமாக இழுத்து "தண்...ணி" என்கிறார்.

சட்டென்று வரும் கோபம் மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.