மாடியில் தகர ஷெட் போட்டால் வீட்டு வரி ஏறுமா?

கேட்பவர், கூத்தப்பாக்கம்:
கடலூரில் அப்பா கட்டிய வீடு. 2022இல் வரி உயர்ந்தபோது 1,200 சதுர அடிக்குள் இருந்ததால் 50 சதவீதத்தோடு தப்பித்தோம், தாண்டியவர்களுக்கு 1,800 வரை 75, அதற்கும் மேல் 100. இப்போது துணி காயப்போட மாடியில் ஷெட் போட்டதும் டேப்போடு வந்து அதையும் அளந்துவிட்டுப் போனார்கள். கல்வி வரி வேறு! என் பிள்ளைகள் பள்ளி முடித்து எத்தனையோ வருஷமாச்சு.

முதுநகர் அக்கா:
தம்பி, கல்வி வரி சொத்து வரிக்குள்ளேயே அடக்கம். பிள்ளை இருக்கா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. நூலக வரியும் அப்படித்தான், ரூபாய்க்குப் பத்து பைசா.

மஞ்சக்குப்பம் வாசி:
நாலு பக்கமும் திறந்த ஷெட்டா? போட்டோ எடுத்து, மறு அளவீடு கேட்டு மனு கொடுங்கள். கையோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்பவர்:
மூன்று பக்கம்தான் திறப்பு. மழைச்சாரலுக்காக ஒரு பக்கம் ஷீட் அடித்திருக்கிறேன். சரி, அதைக் கழற்றிவிட்டே போட்டோ எடுக்கிறேன்.

முதுநகர் அக்கா:
அதெல்லாம் வேண்டாம், உள்ளபடியே எழுதிக் கொடு. அப்புறம், ஏப்ரல் 30க்குள் கட்டினால் 5 சதவீதம் குறையும்.