பொண்ணுக்கு நியூமராலஜி ஸ்பெல்லிங் வைக்கலாமா? பேரு யாழினி, ரெண்டு எழுத்து எக்ஸ்ட்ரா போடச் சொல்றாங்க

புதுஅம்மா_திருப்பூர்:

வணக்கமுங்க. எனக்கு பொண்ணு பொறந்து மூணு மாசம் ஆச்சு, இன்னும் பர்த் சர்டிபிகேட்ல பேரு ஏத்தல. நானும் வீட்டுக்காரரும் மாசமா இருக்கும்போதே பொண்ணுன்னா யாழினின்னு முடிவு பண்ணி வச்சிருந்தோம். பொறந்தப்புறம் ஜாதகம் எழுதினா ஹஸ்தம் ரெண்டாம் பாதம், அதுக்கு ஷ-வுல ஆரம்பிக்கிற பேருதான் வைக்கணும்னு அத்தை சொன்னாங்க. நான் ஒத்துக்கல, பத்து நாள் வீட்ல யாரும் யார்கூடயும் முகம் குடுத்து பேசல. கடைசியா மாமா வந்து, சரி பேரு யாழினியே இருக்கட்டும், ஆனா நியூமராலஜி பாத்து எழுதிக்கலாம்னு ஒரு வழி சொன்னார், நானும் சரின்னுட்டேன்.

இப்ப பிரச்சனை அங்கதான். பாப்பா பொறந்தது 14, கூட்டினா 5, அதனால பேரும் 5 வரணுமாம். இங்கிலீஷ்ல சாதாரணமா எழுதுற யாழினிக்கு 21, கூட்டினா 3 தான் வருதுன்னு ஜோசியர் ஒரு ஏ, ஒரு ஒய் சேத்து 23 ஆக்கி குடுத்திருக்கார். இப்ப ஸ்பெல்லிங் ஒய் ஏ ஏ இசட் ஹெச் ஐ என் ஒய் ஐ. தமிழ் தெரியாதவங்க அத எப்படி படிப்பாங்கன்னு நெனச்சாலே எனக்கு பதட்டமா இருக்கு.

அத்தைய குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. சிசேரியன் ஆனதுல இருந்து என்ன ஒரு குடம் தண்ணி தூக்க விடல. அவங்களுக்கு முதல் குழந்தை பொறந்து ஆறு மாசத்துல தவறிப்போச்சு, பேருப் பொருத்தம் பாக்காம வச்சதுனாலதான்னு இன்னைக்கும் நம்பறாங்க. அத கேட்டப்புறம் நான் எந்த வாயால வேண்டாம்னு சொல்லுவேன்? இந்த மாதிரி ஸ்பெல்லிங் இருக்கறவங்க யாராச்சும் இருந்தா உங்க அனுபவம் சொல்லுங்க, நிஜமாவே பின்னாடி கஷ்டமா இருக்குமா இல்ல நான்தான் பெருசு பண்றனா?

ரெண்டு_ஆர்_ரெண்டு_ஹெச்:

சிஸ்டர், நான் இருக்கேன், வயசு 34. என் பேரு கார்த்திக். பர்த் சர்டிபிகேட்ல அதுக்கு ரெண்டு ஏ, ரெண்டு ஆர், ரெண்டு ஹெச், கடைசில சி கே. ஒண்ணாங்கிளாஸ் சேக்கும்போது டீச்சர் எல்லாரும் எழுதற மாதிரி எழுதிட்டாங்க, அப்பாவும் கவனிக்கல, பத்தாவது மார்க் ஷீட்டும் அதே மாதிரி வந்துருச்சு. ஆதார் எடுக்கும்போது அம்மா சொன்ன ஸ்பெல்லிங்ல ஒரு ஹெச் விட்டுப்போச்சு. ஆக எனக்கு மூணு டாக்குமெண்ட்ல மூணு பேரு.

25 வயசு வரைக்கும் அது பிரச்சனைன்னே தெரியல. பாஸ்போர்ட் எடுக்கப் போனப்பதான் புரிஞ்சுது, அதுக்கப்புறம் வீட்டு லோன்ல பத்திரம் ஒரு ஸ்பெல்லிங் பான் கார்டு ஒரு ஸ்பெல்லிங்னு நோட்டரி கிட்ட அஃபிடவிட், கெஜட்ல பேர் மாற்றம், அந்த கெஜட் காப்பிய வச்சு ஒவ்வொண்ணா திருத்துறதுன்னு ரெண்டு வருஷம் ஓடுச்சு. இதுல எந்த ஆபீஸையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன், எழுத்து பொருந்தலன்னா அவங்க என்ன பண்ணுவாங்க.

அதவிட எனக்கு வலிச்சது வேற ஒண்ணு. சின்ன வயசுல யாராச்சும் பேரு கேட்டா நான் பேர சொல்ல மாட்டேன், ஸ்பெல்லிங்தான் சொல்லுவேன், அது பழகிப்போச்சு. போன்ல, ஹாஸ்பிடல்ல, கொரியர்ல எங்கயும் "டபுள் ஆர் சார், டபுள் ஹெச் சார்"னுதான் ஆரம்பிக்கணும். எங்க அப்பா என் மேல இருந்த பாசத்துலதான் பண்ணினார், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா தினமும் அத எழுதறது நான்தானே. உங்க பொண்ணுக்கு அத குடுக்காதீங்க.

எண்கணக்கு_படிச்சவன்:

நான் நியூமராலஜி நாலு வருஷம் ஆர்வமா படிச்சேன், சொந்தக்காரங்களுக்கு பாத்தும் குடுத்திருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன். உங்க ஜோசியர் போட்டது கால்டியன் முறை. அதுல ஏ, ஐ, ஒய் எல்லாம் 1, ஹெச்சும் என்னும் 5, இசட் 7, எந்த எழுத்துக்கும் 9 கிடையாது. அந்தப்படி 21ம் 23ம் சரியாத்தான் வருது, அவர் தப்பா போடல.

ஆனா பித்தாகரஸ் பேர்ல இன்னொரு முறை இருக்கு, அதுல ஒண்ணுல இருந்து ஒம்பது வரைக்கும் வரிசையா எழுத்துக்கு நம்பர். அதுல போட்டா சாதாரண ஸ்பெல்லிங் 47, அதாவது 11, அப்புறம் 2. உங்களுக்கு மாத்தி குடுத்தது 55, கடைசில 1. ரெண்டுலயும் 5 வரல. ஒரே குழந்தை, ஒரே பேரு, டேபிள மாத்தினா பலன் மாறுது. நான் இத விட்டதே இங்கதான்.

இன்னொண்ணும் யோசிங்க. ழ-வுக்கு இசட் ஹெச் போடறது நம்ம ஊர்ல வந்த ஒரு பழக்கம், அவ்வளவுதான். உங்க பேர்ல இருக்கற 21ல அந்த ரெண்டு எழுத்து மட்டுமே 12. அந்தப் பழக்கம் வேற மாதிரி இருந்திருந்தா கணக்கே வேற. நீங்க வாயால யாழினின்னு கூப்பிடறப்ப அதுல ஏது இசட், ஏது ஹெச்? நம்பிக்கை இருக்கறவங்கள புண்படுத்த சொல்லல, நானும் நம்பினவன்தான்.

ஸ்காபரோ_தமிழ்:

தங்கச்சி, அவர் சொன்ன ழ கதை சரி. எங்கட ஆக்கள் ழ-வுக்கு எல் மட்டும் போடுறது, யாழ்ப்பாணம் எண்டு எழுதேக்க ஆர் எல் போடுவினம். என்ர பெறாமகளின்ர பேரும் யாழினிதான், இஞ்ச கனடாவில பள்ளிக்கூடத்தில ஒய் ஏ எல் ஐ என் ஐ எண்டு எழுதுறா, வெள்ளைக்கார ரீச்சர் முதல் நாளே கிட்டத்தட்ட சரியாக் கூப்பிட்டவ. ழ வராது, ஆனா பேர் உடையேல்ல.

எங்கட சனத்திட்ட வேற ஒரு வருத்தம் இருக்கு, அதையும் சொல்லவேணும் போல கிடக்கு. தாய் பேரில ரெண்டெழுத்து, தகப்பன் பேரில ரெண்டெழுத்து எடுத்து கடைசியில ஷன், ஷா, ஜன், ஜா எண்டு ஒட்டி ஒரு பேர் செய்யிறது. கேட்க வடிவாத்தான் இருக்கும். என்ர மகன் எட்டு வயசில வந்து "அப்பா என்ர பேருக்கு என்ன கருத்து, கிளாசில எல்லாரும் சொல்லோணுமாம்" எண்டு கேட்டவன், என்னட்ட மறுமொழி இல்லை. அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்ல. நீங்கள் யாழ் எண்ட கருவியில இருந்து பேர் எடுத்திருக்கிறியள், பிள்ளை கேட்டா சொல்ல ஒரு கதை இருக்கு. அதை விட்டுக் குடுக்காதேங்கோ.

பொருநைக்கரை_வாத்தியார்:

ஏம்மா, நான் திருநெல்வேலிப் பக்கம் முப்பத்தி மூணு வருசம் வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவன். வருகைப் பதிவேட்டுல பேரு வாசிச்சே ஆயுசுல பாதி போயிருக்கு. நான் சேர்ந்த புதுசுல சுடலைமுத்து, இசக்கியம்மாள், பேச்சிமுத்து, மாடசாமின்னு வாசிப்பேன், கடைசி வருசம் பூரா தன்ஷிகா, தர்ஷிகா, ரித்விக், கிருத்விக். ஒரே வகுப்புல மூணு பேரக் கூப்பிட்டா ஆறு பேரு எந்திரிச்சு நிப்பாங்க. அது காலம், நான் குறை சொல்லல. பேரன்ங்கிற வார்த்தையே பெயரன்ல இருந்து வந்ததுதான், தாத்தா பேரச் சுமக்கிறவன். அந்த வழக்கம் போனதுல மட்டும் எனக்கு ஆத்தாமை உண்டு.

ஒங்க அத்தை விஷயத்துக்கு வாரேன், எல்லாரும் கணக்கப் பத்தியே பேசுதாங்க, அந்தம்மாவப் பத்தி யாரும் பேசலையே. பிள்ளை தங்காத வீட்டுல அடுத்த பிள்ளைக்கு குப்பை, பிச்சை, மண்ணாங்கட்டின்னு பேரு வச்சாங்களே, எதுக்கு? பெறந்த பிள்ளைய குப்பையில கெடத்தி எடுப்பாங்க, தவிட்டுக்கு வித்துட்டு தவிட்டக் குடுத்தே திரும்ப வாங்குவாங்க. இது ஒண்ணுக்கும் ஆகாத பிள்ளை, எமன் இதத் தேடி வர வேண்டாம்னு ஒரு தாய் பண்ணுன ஏற்பாடு அது. குப்புசாமி, பிச்சையம்மாங்கிற பேருல நாம சிரிக்க ஒண்ணுமில்ல, அதுக்குள்ள செத்துப்போன ஒரு பிள்ளை இருக்கு. ஒங்க அத்தை கேக்குற அந்த ரெண்டு எழுத்தும் அதே பயம்தான். அத மொதல்ல பேசுங்க, எழுத்து அப்புறம்.

வித்தியாசமான பேரு தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். 1953 மார்ச்சுல பெறந்த பிள்ளைக்கு, அதே வாரம் செத்துப்போன ரஷ்யத் தலைவரு பேர வச்சாரு கலைஞர், அன்னைக்கு அது எவ்வளவு புதுசா இருந்திருக்கும். பெத்தவங்க ஆசையையும் கொள்கையையும் பிள்ளை சுமக்கலாம், வெறுப்பச் சுமக்கக் கூடாது. எங்கிட்ட போதும்பொண்ணுன்னு ஒரு பிள்ளை படிச்சா, வீட்டுக்கு நாலாவது பொண்ணு. பேரு வாசிக்கும்போது "உள்ளேன் ஐயா"ன்னு சொல்ல மாட்டா, கைய மட்டும் தூக்குவா. ஆறாம் வகுப்புல இருந்து நான் அவளப் பொன்னுன்னு கூப்பிட ஆரம்பிச்சேன், அப்பதான் வாயத் தொறந்தா. மகாராஷ்டிராவுல சாத்தாரா மாவட்டத்துல இப்படித்தான் நகுசா, வேண்டாதவள்னு அர்த்தம், அந்தப் பேர வச்சிருந்த 285 பொண்ணுங்களுக்கு 2011ல அரசாங்கமே விழா எடுத்து புதுப் பேரு வச்சுது. அந்தச் செய்திய வெட்டி எடுத்து ரொம்ப நாளு சட்டப்பையிலயே வச்சிருந்தேன்.

ஷ-வுக்கும் ஒரு வார்த்தை. நட்சத்திரப் பாதத்துக்கு எழுத்து சொல்லுற பட்டியல் தமிழுக்குன்னு போட்டது கெடையாது. திருவாதிரை மூணாம் பாதத்துக்கு ங-ன்னு போட்டிருக்கும், ங-வுல யாரு பேரு வைக்க? வேணும்னா நட்சத்திரப் பேரு ஒண்ண பிள்ளை காதுல மூணு தடவ சொல்லிட்டு, கூப்பிடுத பேரு வேற வச்சுக்கிடலாம், அது நம்ம வீடுகள்ல நடக்குததுதான்.

இசேவை_அக்கா:

தங்கச்சி, டைம் பத்தி பயப்படாதீங்க. பிறப்ப 21 நாளுக்குள்ள பதிஞ்சா போதும், பேரு இல்லாமயே பதியலாம், நீங்க அப்படித்தான் பதிஞ்சிருப்பீங்க. பதிஞ்ச தேதில இருந்து 12 மாசத்துக்குள்ள பேரு ஏத்தினா ஃபீஸ் கிடையாது, அதுக்கு மேல 15 வருஷம் வரைக்கும் லேட் ஃபீஸ் கட்டி ஏத்தலாம். ஆனா ஒரு தடவ ஏத்திட்டா அப்புறம் மனசு மாறிடுச்சுன்னு மாத்த முடியாது, எழுத்துப்பிழைய திருத்துவாங்க, பேர மாத்தறது லேசுல நடக்காது. அதனால அவசரப்பட்டு எதையும் ஏத்தாதீங்க, வீட்ல பேசி முடிச்சிட்டு போங்க.

முன்னாடியெல்லாம் ஸ்கூல் டிசி, மார்க் ஷீட்டுன்னு எதையாச்சும் காட்டி சமாளிச்சிடுவாங்க. 2023 அக்டோபர் 1க்கு அப்புறம் பொறந்த குழந்தைங்களுக்கு ஸ்கூல் அட்மிஷன், ஆதார், லைசென்ஸ், ஓட்டர் லிஸ்ட், பாஸ்போர்ட் எல்லாத்துக்கும் பொறந்த தேதிக்கு பர்த் சர்டிபிகேட்தான் அடிப்படை. அதுல என்ன எழுத்து இருக்கோ அதுதான் ஆயுசுக்கும். ஆதார்ல பேர ரெண்டு தடவதான் மாத்தலாம், அதையும் சின்ன வயசுலயே தீத்துட்டு வந்து நிக்கிறவங்கள நான் வாரம் ஒருத்தராச்சும் பாக்கறேன். முக்கால்வாசி இந்த எக்ஸ்ட்ரா லெட்டர்தான்.

இனிஷியல் பத்தியும் இப்பவே முடிவு பண்ணிடுங்க. பாஸ்போர்ட்ல ஒத்த எழுத்து இனிஷியல் எடுக்க மாட்டாங்க, அப்பா பேர முழுசா போடணும். அந்த ஸ்பெல்லிங் உங்க வீட்டுக்காரரோட ஆதார்ல எப்படி இருக்கோ அப்படியே எல்லா எடத்துலயும் வரட்டும்.

புதுஅம்மா_திருப்பூர்:

எல்லாருக்கும் நன்றிங்க, அஞ்சு நாளா இத திரும்ப திரும்ப படிச்சிட்டிருந்தேன். வாத்தியார் ஐயா சொன்னது என்ன ரொம்ப அழ வச்சிருச்சு. நேத்து மத்தியானம் பாப்பா தூங்கறப்ப அத்தைகிட்ட உக்காந்து, அந்த முதல் குழந்தை எப்படி இருந்தான்னு கேட்டேன். இத்தன வருஷத்துல யாரும் கேட்டதில்லையாம். ரெண்டு மணி நேரம் பேசினாங்க. அவனுக்கு அப்ப நல்ல காச்சல் இருந்திருக்கு, மழைல பஸ் வராம ஆஸ்பத்திரிக்கு போக ராத்திரி ஆயிருச்சாம். பேருன்னாலன்னு அவங்ககிட்ட சொன்னது பக்கத்து வீட்டு பாட்டியாம்.

நான் ஸ்பெல்லிங் பத்தி பேச்சே எடுக்கல, அவங்களேதான் சாயங்காலம் சொன்னாங்க, சர்டிபிகேட்ல நீங்க நெனச்ச மாதிரியே போட்டுக்கங்க, ஆனா குலதெய்வம் கோயில்ல பாப்பாவ தத்து குடுத்து வாங்கணும், அத மட்டும் தடுக்காதீங்கன்னு. நான் ஏன் தடுக்கப்போறேன், தவிட நானே புடைச்சு எடுத்துட்டு வர்றேன் அத்தைன்னு சொல்லிட்டேன். ஜோசியர் குடுத்த ஸ்பெல்லிங்க தினமும் 21 தடவ ஒரு நோட்டுல எழுதணும்னு சொல்லியிருந்தார், அத அவங்க எழுதிட்டு வர்றாங்க, அவங்களுக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியாது, எழுத்த பாத்து பாத்து வரையறாங்க. அது நடக்கட்டும்னு விட்டுட்டேன்.

திங்கக்கெழம கார்ப்பரேஷன் ஆபீஸ் போறோம். அக்கா, ஒரே ஒரு டவுட், தமிழ்ல டைப் பண்ணும்போது ழ-வுக்கு பதிலா ள போட்டுட்டா என்ன பண்றது?

இசேவை_அக்கா:

நல்ல கேள்வி, அது அடிக்கடி நடக்குது. எழுதிக் குடுக்கற ஃபாரத்துல யாழினிய தனித்தனி எழுத்தா பெருசா எழுதுங்க, ழி-ய நல்லா சுழிச்சு எழுதுங்க. சேவ் பண்றதுக்கு முன்னாடி ஸ்கிரீன ஒரு தடவ காட்டச் சொல்லி தமிழ், இங்கிலீஷ் ரெண்டையும் நீங்களே வாய்விட்டு படிங்க, கூட தமிழ்ல இருக்கறத உங்க அத்தையையும் படிக்க சொல்லுங்க.